சிம்பாங்கில் கட்டிய மஞ்சள் துணி

15.6.1997, ஞாயிறு

முழங்கைத் தோல் உரிந்துவிட்டது. மருந்து போட்டுக்கொண்டே அம்மா திட்டினார். "ஓவர்டைம் செஞ்சு சைக்கிள வாங்கி, காட்டுல போய் விழுந்து எந்திரிச்சு வர்றியே, எந்த மாப்பிள்ளடி ஒன்னத் தேடி வருவான்?" மலையில் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவன் வரட்டும்.

விழுந்தது, நியாலாஸ் பக்கம் ரப்பர் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் சிம்பாங் சந்தியில். இறக்கத்தில் வேகமாக வந்தால் பாதை இரண்டாகப் பிரிவதே தெரியாது. இடப்பக்கம் ஆற்றோரப் பாதை. வலப்பக்கப் பாதை முடிவது இருபதடிப் பள்ளத்தில். நான் அதன் விளிம்பில் பிரேக் பிடித்துக் கவிழ்ந்தேன். அடுத்த மாதம் இருபதாம் தேதி எங்கள் சைக்கிள் குழு நடத்தும் போட்டிக்கு எண்பது பேர் வருகிறார்கள்!

"இங்க கட்டாயம் மார்க் வெக்கணும்லா, பவானி," என்றான் குழுத் தலைவன் கிஷன். மார்க் வைக்கும் வேலை என் தலையில்.

29.6.1997, ஞாயிறு

மரத்தில் ஆணி, பெயிண்ட் கூடாது என்பது தோட்ட மேனேஜரின் நிபந்தனை. வழி நெடுக சிவப்பு ரிப்பன் கட்டினேன். சிம்பாங்குக்கு வந்தபோது ரிப்பன் தீர்ந்துவிட்டது. பையில் தைப்பூசத்துக்கு வாங்கி மிஞ்சிய மஞ்சள் துணி இருந்தது. (சைக்கிள் துடைக்க எடுத்து வந்தேன் என்று அம்மாவுக்குத் தெரிந்தால் தொலைந்தேன்.) இடப்பக்கத்து முதல் ரப்பர் மரத்தில் சுற்றி முடிச்சுப் போட்டேன். பளிச்சென்று தெரிந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

6.7.1997, ஞாயிறு

அந்த மூளையைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மரத்துக்கு மஞ்சளும் குங்குமமும் பூசியிருக்கிறது. அடியில் எலுமிச்சம்பழம், கற்பூரம் எரிந்த கரி. ஒரு அக்கா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த நிரை மரங்களில் பட்டையைச் சீவிப் பால்மரம் வெட்டும் மாரியம்மா அக்கா.

"திங்கக்கெழம காலையில மரம் வெட்ட வந்தேன். ஆத்தா மஞ்சத் துணி கட்டிக்கிட்டு நிக்கிறா. அன்னிக்குச் சாயங்காலமே எங்க வீட்டுக்காரரு கை வெரல அசைச்சாரும்மா!"

அவர் கணவர் காளிமுத்து பக்கவாதத்தில் விழுந்து நான்கு மாதம் ஆகிறதாம். நான் வாயைத் திறக்கவில்லை. பத்து வயதுவரை தோட்டத்தில் வளர்ந்தவள் நான். மஞ்சள் துணி கட்டிய மரத்தை எங்கள் சனம் என்னவென்று நினைக்கும் என்று எனக்குத் தெரியாதா?

9.7.1997, புதன்

சொல்லாவிட்டால் என்ன? யாருக்கு நஷ்டம்?

13.7.1997, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சொல்லக்கூடாது என்றுதான் போனேன். "அண்ணனுக்கு இப்ப எப்படிக்கா?" என்று கேட்டேன். "செவ்வாக்கெழம செவ்வாக்கெழம பெரியாஸ்பத்திரியில கை கால் நீட்டிவிடுவாங்க. வேன் வெச்சு, ரெண்டு பேரு தூக்கி... இனிமே எதுக்கு? ரெண்டு வாரமா போகல. ஆத்தா பாத்துக்குவா."

என் துணியை நம்பி ஆஸ்பத்திரியை நிறுத்திவிட்டாரே! "அக்கா, அது நான் கட்டுன துணி. வர்ற ஞாயித்துக்கெழம சைக்கிள் போட்டி, அதுக்கு வழி காட்ட."

அவர் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். முடிச்சை அவரே அவிழ்த்தார். இறுக்கிக் கட்டியிருந்தேன், நேரம் பிடித்தது. துணியை மடித்து என் கையில் வைத்து, "இந்தா, ஒன் துணி," என்றார். எலுமிச்சம்பழத்தைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

ஐயோ, ஒரு மனுஷிக்கு இருந்த ஒரே தெம்பையும் பிடுங்கிட்டு வந்திருக்கேனே. நான் செஞ்சது சரியா? சரிதான். அப்புறம் ஏன் சோறு இறங்கமாட்டேங்குது?

14.7.1997, திங்கள்

கிஷனுக்கு போன் செய்தேன். அந்த மரத்தில் வேறு ரிப்பன் கட்டச் சொன்னேன். அந்தப் பக்கம் போக எனக்கு முகம் இல்லை. "சரிலா," என்றான்.

20.7.1997, ஞாயிறு

போட்டி நாள்.

எனக்கு முன்னால் முப்பது பேராவது கிளம்பிவிட்டார்கள். என் முறை வந்தபோது, "சிம்பாங்குல என்ன கலர் கட்டுன?" என்று கிஷனிடம் சும்மாதான் கேட்டேன். அவன் முகம் மாறியது. "ஐயோ, மறந்தே போயிட்டேன்லா பவானி..."

அந்த இறக்கத்தில் இன்று வந்த வேகத்தில் நான் என்றுமே வந்ததில்லை. பிரேக் பிடிக்கவே இல்லை. யாராவது பள்ளத்தில் கிடப்பார்கள், நான்தான் கொன்றேன் என்றே நினைத்துக்கொண்டு வந்தேன்.

சிம்பாங்கில் வலப்பக்கப் பாதையை அடைத்துக்கொண்டு மாரியம்மா அக்கா நின்றார். ரப்பர்பால் கறை படிந்த சட்டை, தலையில் துண்டு. வலது கையை நீட்டி, "இந்தப் பக்கம் போ தம்பி! இந்தப் பக்கம்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். இன்று அவருக்கு வேலை நாள்கூட இல்லை.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். "அக்கா..."

"நேத்து மரம் வெட்ட வந்தப்ப பாத்தேன். ஒரு துணியும் காணோம். புள்ளைங்க விழுந்துடுமேன்னு விடியறதுக்கு முன்னயே வந்துட்டேன்."

நான் அழுதுவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செவ்வாக்கெழம வேன் வெச்சுக் கூட்டிட்டுப் போனேன்," என்றார். "நீ கெளம்பு. பின்னால ஆளுங்க வர்றாங்க."