அரைக் கட்டை ஏறிய குரல்

மார்ச் 4, செவ்வாய்

மனைவி குளிக்கப் போயிருக்கிறாள். இனி அரை மணி நேரம் வீடு என் ராஜ்ஜியம்.

மகள் இந்தப் போனில் ஒரு வித்தை வைத்துக் கொடுத்திருக்கிறாள். நான் பேசினால் அது எழுதுகிறது. நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன். சொன்னதைத்தான் எழுதுகிறதா, வேறு எதையாவது எழுதித் தொலைக்கிறதா, எனக்குத் தெரியாது. ஞாயிறுதோறும் மகள் வந்து திருத்துகிறாள். எழுபத்தெட்டு வயதில் எனக்கு ஒரு குமாஸ்தா.

நேற்று மகள் அனுப்பியது ஒரு பாட்டு. “அப்பா, அம்மா பாடின ரெக்கார்டு கிடைச்சிருச்சு. அம்மாகிட்டச் சொல்லாதீங்க” என்றாள்.

நாற்பத்தேழு வருஷம். எனக்கு எதுவும் மறக்கவில்லை. பெரிய மண்டபம், நாற்பது பேர் கொண்ட பாடகர் குழு, பிரளயக் கதை. ஓரடோரியோ என்பார்கள். வேஷம் கிடையாது, நடிப்பு கிடையாது, நின்ற இடத்தில் நின்று கதை முழுவதையும் பாடியே சொல்வது. ஆர்கனுக்குக் காற்று ஊதும் மோட்டார் உறுமியது. உறுமல் மைக்கில் விழுகிறது என்று அதை நிறுத்திவிட்டு, மண்டபம் பெருக்கிக்கொண்டிருந்த என்னைத் துருத்தி மிதிக்க விட்டார்கள். மூன்று நாள் மிதித்தேன். வெள்ளம் வடிந்த பிறகு ஒரு தாய் தனியாக நின்று பாடும் பாட்டு அவளுடையது. அப்போதே எங்களுக்குக் கல்யாணம் ஆகி இரண்டு வருஷம்.

ரெக்கார்டு வெளிவந்ததும் குழுவோடு உட்கார்ந்து கேட்டாள். வீட்டுக்கு வந்தாள். “இனிமே பாடமாட்டேன். எலி கத்துற மாதிரி இருக்கு” என்றாள். அவ்வளவுதான். மகளுக்குத் தாலாட்டுகூட நான்தான். பாவம், மகள்.

அந்த ரெக்கார்டை அவள் வீட்டில் வைக்கவிடவில்லை. நேற்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

குளியலறைக் கதவு—

மார்ச் 5, புதன்

காதில் மாட்டிக்கொண்டு மறுபடி கேட்டேன். வலது கால் தானாக மிதிக்கிறது. ஆனால் பாட்டோடு போகவில்லை, பின்தங்குகிறது. நாலு தட்டுக்கு ஒரு மிதி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்றாவது வரிக்குள் கால் தடுமாறிவிட்டது.

வயசாகிவிட்டதா? காலுக்கு வயசாகலாம். கணக்குக்குமா?

இன்னொன்று. அந்தத் தாய் எல்லாவற்றையும் இழந்து நிற்கிறாள். இதில் அவள் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள் மாதிரி பாடுகிறாள். அன்று மண்டபத்தில் நான் கேட்டது இதுவல்ல. அன்று எனக்கு மிதிக்கக் கால் வரவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு மிதித்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

மகளிடம் சொன்னேன். போனில் எதையோ தட்டி வேகத்தைக் கொஞ்சம் இறக்கினாள். இன்னும் கொஞ்சம். கால் பாட்டோடு சேர்ந்துகொண்டது. நாலு தட்டு, ஒரு மிதி. ஒரு மிதி பிசகவில்லை.

“உங்க ஞாபகத்துல தப்பு இருக்கலாமேப்பா?” என்றாள். நியாயமான கேள்வி. அப்பன் மேல் பாசம் வேறு, அப்பன் கால் மேல் நம்பிக்கை வேறு.

மார்ச் 12, புதன்

நடைப்பயிற்சி என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு நானும் மகளும் மண்டபத்துக்குப் போனோம். அதே ஆர்கன். இப்போது வாசிப்பது ஒரு பெண். கிழவன் ஏதோ உளறுகிறான் என்று முதலில் சிரித்தாள். அப்புறம் பழைய பாட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்தாள்.

புத்தகத்தில் அந்தப் பாட்டுக்குச் சுருதி டி மைனர் என்று போட்டிருந்ததாம். ரெக்கார்டைப் போட்டுவிட்டு அதே கட்டையை அழுத்தினாள். இரண்டும் சேரவில்லை, மாமியார் மருமகள் மாதிரி முட்டிக்கொண்டன. பக்கத்துக் கறுப்புக் கட்டையை அழுத்தினாள். சேர்ந்தது.

“அரைக் கட்டை ஏறியிருக்கு, தாத்தா. ஆர்கன் குழாயோட சுருதி ஏறாது. ரெக்கார்டுதான் வேகமா ஓடுது” என்றாள்.

மகள் இறக்கி வைத்ததைப் போட்டால் டி மைனரோடு உட்கார்ந்துகொண்டது.

அந்தப் பெண் என் காலைக் குனிந்து பார்த்தாள். கௌரவமாக இருந்தது. நல்லவேளை, செருப்பு புதிது.

மார்ச் 15, சனி

அன்று ரெக்கார்டுக்கு டேப் ஓட்டியவர் எங்கள் தெருக்கோடியில் மின்விசிறி பழுதுபார்க்கிறார். நாற்பது வருஷமாகப் பார்த்தால் தலையாட்டிக்கொள்வோம். இன்று போய் நேராகக் கேட்டேன். கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இருபத்துநாலு நிமிஷம்தான் கொள்ளுமாம். அந்தப் பக்கத்துப் பாட்டெல்லாம் சேர்ந்து இருபத்தைந்தரை. வெட்ட மனம் வரவில்லை. டேப்பைக் கொஞ்சம் வேகமாக ஓட்டி அடைத்துவிட்டார். குச்சி பிடித்துக் குழுவை நடத்தியவர் அதற்குள் வேறு நாட்டுக்குப் போய்விட்டார். மற்றவர்களோ, சுறுசுறுப்பாக இருக்கிறது என்று பாராட்டினார்களாம்.

“யாருக்கு அண்ணே தெரியப் போகுதுன்னு நெனச்சேன்.”

“எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. ஆனா தப்பு தன் தொண்டையிலன்னு நெனச்சிட்டா.”

கோபமாகத்தான் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு விசிறியைத் தூக்கிப் பிடித்து உதவிவிட்டு வந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

எப்படிச் சொல்வது? நாற்பத்தேழு வருஷம் வீணாய்ப் போனது என்றா?

மார்ச் 22, சனி

சொல்லவில்லை. போட்டுவிட்டேன். சரியான வேகத்தில்.

துணி மடித்துக்கொண்டிருந்தாள். முதல் வரியிலேயே கை நின்றது. முழுப் பாட்டும் முடிந்த பிறகுதான் யார் என்று கேட்டாள். நீதான் என்றேன். டேப்காரர் கதையையும் சொன்னேன். எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

“இன்னொரு தடவை போடுங்க.”

மூன்று தடவை போட்டேன். புகழ்வாள், அழுவாள், காலைத் தொட்டுக் கும்பிடுவாள் என்றெல்லாம் நினைத்தேன்.

“மூணாவது வரியில காத்து கொறஞ்சிருக்கு. தூங்கிட்டீங்களா?” என்றாள்.

கண்ணைத் துடைத்த இடம் அது. சொல்லவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

டேப்காரர் சாப்பிட வந்தார். அவள் கூப்பிட்டுத்தான். இரண்டாம் தடவையும் அள்ளி வைத்தாள். “வயித்துலயும் இருபத்துநாலு நிமிஷத்துக்குத்தான் எடமா?” என்று கேட்டாள். அவருக்குப் புரை ஏறிவிட்டது.

மார்ச் 30, ஞாயிறு

பேசலாம் என்று போனைத் திறந்து சமையலறை வாசலில் உட்கார்ந்தேன். உள்ளே அவள் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தாள். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. திரையில் எழுத்து ஓடத் தொடங்கியது. வரி வரியாக, நிதானமாக, நாலு தட்டுக்கு ஒரு முறை.

வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மட்டும் மிதித்தது. மகளே, அந்த வரிகளைத் திருத்தாதே.