தண்ணீர் விட்ட வரிசை

1974 யூலை 3. கட்டைபறிச்சான்

கச்சான் காற்று விடியவே எழும்பிவிட்டது. யன்னலைச் சாத்தினாலும் சோற்றுக்குள் மணல். கடைவாய்ப் பல் வலி. கராம்பு எண்ணெய் முடியப் போகிறது.

திருகோணமலைக் கந்தோர் அதிகாரி தந்த வேலையை ஒழுங்காகத் தொடங்கியாயிற்று. ஒரே நாளில் நட்ட மூங்கில், மூன்று வயது, இரண்டு வரிசை. ஒன்றுக்கு நாள்தோறும் தண்ணீர்: தண்ணீர் வரிசை, இனி த.வ. மற்றதுக்கு வைகாசி தொடக்கம் ஒரு சொட்டும் இல்லை: காய்ந்த வரிசை, கா.வ. மாரி மழை வரும்வரை இரண்டையும் பார்த்து எழுத வேண்டும்.

கா.வ. இலைகள் காலையிலேயே ஊசிபோலச் சுருண்டுவிட்டன. போன கிழமை மத்தியானத்தில்தான் சுருளும், பொழுதுபட விரியும். இன்று பொழுதுபட்டும் விரியவில்லை. த.வ. நல்ல பச்சை. புது முளைகளும் உண்டு.

காவல்காரர் கந்தையா அண்ணை இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒரு தாய்ப் பிள்ளையள் எண்டு சொல்லேலாது மிஸ்" என்றார்.

யூலை 7, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. வெயில். உண்மையில் சோம்பல்.

வேலிக்கு வெளியே புவனம், குடத்தோடு. பக்கத்து வளவுக்காரி. புருசன் நாகமணி வயல் செய்கிறவர். போன மாரி பொய்த்ததால் அறுக்க ஒன்றுமில்லை. ஊர்க் கிணறுகள் எல்லாம் உவராகிவிட்டன. எங்கள் மூங்கில் தோட்டத்துக் கிணறு மட்டும் நல்ல தண்ணீர்.

"ஒரு குடம் மிஸ். குடிக்க மட்டும்."

கந்தையா அண்ணை என்னைப் பார்த்தார். கந்தோர் உத்தரவு: வெளியாருக்குத் தண்ணீர் இல்லை, மழைவரை கிணறு தாங்க வேண்டும்.

"ஏலாது புவனம்." நான் சொல்ல வேண்டியதை அவர் சொன்னார்.

குளிக்க வைத்திருந்த என் வாளித் தண்ணீரை வேலிக்கு மேலால் கொடுத்தேன். குடத்தில் ஊற்றிக்கொண்டாள். பிறகு நாங்கள் த.வ.க்குத் தண்ணீர் விட்டோம். அவள் போகாமல் நின்று அதைப் பார்த்தாள்.

யூலை 16

செருப்பு வார் அறுந்தது. பேக்கரிப் பாண் இல்லை, மூன்றாம் நாளாக மரவள்ளி. தலையில் பேன்.

கா.வ. அடி இலைகள் மஞ்சள். கொட்டத் தொடங்கிவிட்டது. நடந்தால் காலடியில் கடதாசிச் சத்தம். வேலிக்கு வெளியே விழுவதை மாடுகள் தின்கின்றன.

என் வாளி இப்போது தினமும் புவனத்துக்கு. துணி நனைத்து உடம்பைத் துடைத்துக்கொள்கிறேன். இன்று கேட்டாள்:

"உந்த மூங்கில் என்னத்துக்கு மிஸ்?"

வறட்சியைத் தாங்குமென்று தெரிந்தால் இந்தக் கரை முழுக்க நடலாம் என்றேன். வேலிக்கு, வீட்டுக்கு, கடதாசி செய்ய.

"எப்ப?"

"பத்து வருசம் செல்லும்."

"அதுமட்டும் நாங்கள் இருக்க வேணுமே" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். பிறகு மரவள்ளியைப் பாதியில் வைத்துவிட்டேன். பல்லாலும்தான்.

யூலை 29

கந்தோர் அதிகாரி லோஞ்சில் கடல் கடந்து வந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு மர நிழலில் காலை நீட்டி இருந்தார். எனக்கென்று இரண்டு இறாத்தல் பாண் கொண்டுவந்திருந்தார். கெட்ட மனிசன் இல்லை.

கா.வ.யில் வைகாசித் தூறலுக்கு வந்த முளைகளைக் காட்டினேன். முழங்கால் உயரத்தோடு நின்றுபோனவை. ஒன்றைத் தொட்டார், கையோடு வந்தது. அடி கறுத்துப் புளித்த மணம். பழைய தடிகள் மட்டும் பச்சையாக நிற்கின்றன.

"முதல்ல இலை, பிறகு முளை" என்றார். "புதுசைக் கைவிட்டிட்டு உள்ளதை வைச்சுக்கொண்டு கிடக்கும். எழுதும்."

எழுதினேன். பிறகு கிணற்றைப் பற்றிக் கேட்டேன்.

"எனக்கு மட்டும் மனம் இல்லையே பிள்ளை? திறந்தா மூண்டு வருச வேலை போச்சு. சரி, போகட்டும் எண்டு விட்டாலும் ஊருக்கு ரெண்டு கிழமைக்குக் காணாது. பிறகு?"

ஓம் சேர், நீங்கள் சொல்வது சரிதான் என்று என் வாயே சொன்னது.

பாணில் ஒன்றைப் புவனத்துக்குக் கொடுத்தேன். ஒரு இறாத்தல் பாணால் என்ன.

ஓகஸ்ட் 9

நாலு நாளாகப் புவனத்தைக் காணவில்லை. வாளி அப்படியே இருந்தது. குளித்தேன். குளிக்கும்போதும் சுகமாக இல்லை.

பின்னேரம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். நாகமணிக்கு நாலு நாளாக நெருப்புக் காய்ச்சல், தைபொயிட்டாம். காலையில் மாட்டு வண்டியில் கிடத்தி மூதூர் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். புவனமும் கூடப் போய்விட்டாள். வாசலில் இருந்த அவரின் தமக்கை சொன்னா:

"வயலுக்குப் போற வழியில குளத்துத் தண்ணியைத்தான் குடிச்சவன். கிடக்கிறது அவ்வளவுதானே. எருமையும் அதுக்குள்ளதான்."

குசினியில் அடுப்படிக் குடத்தை எட்டிப் பார்த்தேன். தேத்தண்ணி நிறம். அவள் என்னிடம் வாங்கிய ஒரு வாளி வீட்டில் இருப்பவர்களுக்குக் காணும், வேலைக்குப் போகிறவருக்குக் காணாது. இதை நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை.

ஓகஸ்ட் 10

கந்தோரிடம் கேட்கவில்லை. கந்தையா அண்ணையிடம் படலையைத் திறக்கச் சொன்னேன்.

"எழுத்தில தருவியளோ மிஸ்?"

"தாறன்."

கொஞ்சம் யோசித்தார். "வேண்டாம். கேட்டாப் பாப்பம்."

மத்தியானத்துக்குள் ஊரே வந்துவிட்டது. குடம், வாளி, மண்ணெண்ணெய்த் தகரம், சோற்றுப் பானை. ஒருவரும் நெருக்கவில்லை. ஒரு கிழவி கையேந்திக் குடித்துவிட்டு முகத்தில் மிச்சத்தைத் தேய்த்துக்கொண்டா. இங்கே வந்த பிறகு இன்றுதான் நான் ஏதோ செய்தேன் என்று தோன்றிய நாள்.

த.வ.க்கு இன்று தண்ணீர் இல்லை. இனியும் இல்லை.

ஓகஸ்ட் 20

பல் கொஞ்சம் ஆறி, திரும்பவும் தொடங்கிவிட்டது.

த.வ.யைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. இலை சுருளக்கூட இல்லை. அப்படியே துவண்டு, பச்சையாகவே கொட்டுகிறது. முளைகள் எல்லாம் தலை சாய்ந்துவிட்டன. கா.வ. மெல்ல மெல்லச் சுருட்டி, மெல்ல மெல்ல உதிர்த்தது. அதற்கு நாள் இருந்தது. இதற்கு ஒருவரும் சொல்லவில்லை.

கந்தையா அண்ணை இரண்டிலும் தோண்டிக் காட்டினார். த.வ. வேர் எல்லாம் மேல் மண்ணிலேயே, நாங்கள் தண்ணீர் விட்ட இடத்தைச் சுற்றி. கா.வ. வேர் கீழே போயிருக்கிறது, தோண்டத் தோண்ட முடிவு தெரியவில்லை.

நல்ல குறிப்பு. சந்தோசப்பட வேண்டியது. கிணற்றுக் கயிறு இப்போது முழுதும் போகிறது.

ஓகஸ்ட் 24

வாளியில் மணல். கந்தையா அண்ணை உள்ளே இறங்கி வெட்டினார். ஊறியது. வாயில் வைத்துப் பார்த்துத் துப்பினார். உவர்.

அதிகாரியின் கணக்குச் சரி.

சனங்கள் இன்னும் வருகிறார்கள். எட்டிப் பார்க்கிறார்கள், போகிறார்கள். ஒருவரும் ஏசவில்லை. ஏசினால் நல்லது.

செப்டெம்பர் 1, ஞாயிறு

நாகமணி விடிய ஆசுப்பத்திரியில் செத்துப்போனார். வண்டியில் கொண்டுவந்தார்கள்.

பாடை கட்டத் தடி கேட்டு இரண்டு பேர் படலையில் நின்றார்கள். "பச்சைத் தடி வேணும் மிஸ். காய்ஞ்சது முறிஞ்சிடும்." எங்கு வெட்டுவது என்று கந்தையா அண்ணை என்னைக் கேட்டார். த.வ. தடிகள் இலை போனாலும் இன்னும் பச்சை. கையைக் காட்டினேன். நானும் கூடப் பிடித்தேன், முள்ளுக் கிளைகளைக் கழித்துக் கொடுத்தேன். கையில் கீறல்.

நீளம் அளந்து வெட்டினார்கள். இரண்டு மாதம் நான் அளந்த தடிகள்.

புவனம் அழவில்லை, முற்றத்தில் இருந்தபடி தடி கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிணத்தைக் குளிப்பாட்ட அடுத்த ஊரிலிருந்து ஒரு குடம் நல்ல தண்ணீர் வந்தது.

செப்டெம்பர் 8

புவனம் வெருகலுக்குப் போகிறாள், தமையன் வீட்டுக்கு. அங்கே ஆற்றில் இன்னும் குட்டை குட்டையாகத் தண்ணீர் கிடக்கிறதாம். வண்டியில் ஏற்ற அதிகம் இல்லை. பெட்டி ஒன்று, உரல், பாய்.

நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவளே கதைத்தாள்.

"முந்தியே திறந்திருந்தா அவர் குளத்துத் தண்ணி குடிச்சிருக்க மாட்டார் என்ன மிஸ்?"

கோபமாகக் கேட்கவில்லை. வழி கேட்பது போலக் கேட்டாள்.

முந்தியே திறந்திருந்தால் முந்தியே வற்றியிருக்கும் என்று சொல்லலாம். அது உண்மைதான். "ஓம்" என்றேன். அதுவும் உண்மைதான்.

செப்டெம்பர் 17. திருகோணமலை

பல் பிடுங்கியாயிற்று. வாய் முழுக்கப் பஞ்சு.

கந்தோரில் அதிகாரி ஏசவில்லை. தோட்டத்தை மூடுகிறார்கள். எனக்கு வேறு இடம், எங்கே என்று பிறகு சொல்வார்களாம். த.வ. முதலில் செத்ததையும் வேர் நின்ற விதத்தையும் அறிக்கையாக எழுதட்டா என்று கேட்டேன்.

"ரெண்டு வரிசைக்கும் தண்ணி இல்லையெண்டா அது பரிசோதனை இல்லை பிள்ளை. அது வறட்சி" என்றார்.

லோஞ்சுக்கு நேரம் இருந்தது. இறங்குதுறையில் இருந்தேன். வெளிநாட்டுக் கப்பல் ஒன்றுக்குக் குழாயால் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பொருத்து வழியாகக் கசிந்து கடலுக்குள் ஓடியது. பார்க்க ஏலாமல் மற்றப் பக்கம் திரும்பி இருந்தேன்.

செப்டெம்பர் 24. கட்டைபறிச்சான்

கச்சான் நின்றுவிட்டது. மேகம் இல்லை. பாய், பெட்டி கட்டியாயிற்று.

த.வ. அடிக்கிழங்கை வெட்டிப் பார்த்தோம். உள்ளே மண்ணிறக் கபிலம், தும்பு தும்பாக. ஒரு மூங்கில் பத்தையும் மிச்சமில்லை. கா.வ. மேலே ஒரு இலை இல்லை, தடியும் வெளிறிவிட்டது. வெட்டினோம். கடைசிப் பத்தையின் கிழங்கு மட்டும் உள்ளே வெள்ளை. விரலில் ஈரம்.

திரும்ப மண்ணைப் போட்டு மூடச் சொன்னேன். கந்தையா அண்ணை காலால் மிதித்து இறுக்கினார்.

"இது பிழைக்குமோ மிஸ்?"

"மழை வந்தா முளைக்கும்."

ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தார். ஏழெட்டு வீட்டில்தான் இன்னும் ஆள்.

"வந்தாப் பாக்கிறதுக்கு ஆர் இருக்கினம்?" என்றார்.

வண்டிக்காரன் கூப்பிடுகிறான்.