கை ஸ்பிரிங்கும் சிவப்புப் பொட்டும்

உள்ளங்கையில் துரு வாசம் போகமாட்டேன் என்கிறது. இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். நம் கை ஸ்பிரிங்கைக் காலையிலும் சாயங்காலமும் பிடித்து அமுக்குகிறேன், அதனால்தான். பக்கவாதம் வந்து வலது கை பாதி உதவாமல் போனபோது டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். அது இப்போது அலமாரியில் கிடக்கிறது. உன் பதினாறாம் நாள் விசேஷத்துக்கு என்னால் வரமுடியவில்லை என்று போன மாதம் உன் மகளே தேடி வந்து இந்த ஸ்பிரிங்கைக் கொடுத்துவிட்டுப் போனாள். உன் பழைய சேலைத் துணியில் சுற்றியிருந்தது. இரண்டு இரும்புப் பிடி, தலையில் ஒரு கம்பிச் சுருள். அவள் சொன்ன விஷயத்தைப் பிறகு எழுதுகிறேன். நாலு வரி எழுதினாலே கை கெஞ்சுகிறது.

ஆடித்தபசுக் கூட்டத்தில் ரத வீதிக் கடையில் இதை வாங்கினோமே, ஞாபகம் இருக்கிறதா? அட்டைப் பெட்டியில் மீசைக்காரப் பயில்வான் படம். தாவணி போட்ட இரண்டு பேர் கேட்டதும் கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"யம்மா, இது ஆம்பளைய வாங்குத சாமான்."

"ஏன் அண்ணாச்சி, எங்களுக்கு விரல் இல்லியா?" என்றாய். அவர் பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

விரலுக்குத்தான் வாங்கினோம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் நம் இருவருக்கும் வாய்த்தது இருந்ததிலேயே கிழட்டு மிஷின். சாவிகள் அத்தனை இறுக்கம். சுண்டுவிரலால் அடிக்கிற எழுத்தெல்லாம் மங்கலாக விழும். மாஸ்டர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "சுண்டுவிரல் எழுத்தெல்லாம் பட்டினி கெடக்கே" என்பார். மிஷினின் பின்பக்கம் சாவியை இறுக்கவும் இளக்கவும் ஒரு திருகு உண்டு. எது சரியான இடமோ அங்கே சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்து, "இந்தப் பொட்டை விட்டு ஒருத்தரும் நகத்தக் கூடாது, இளகுனா வேகமா அடிக்கையில எழுத்துக் கம்பி ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கும்" என்று சொல்லியிருந்தார். திருகை நகர்த்தக் கூடாதென்றால் விரலைத்தானே தேற்ற வேண்டும்?

ஒரு நாள் உன்னிடம், மறுநாள் என்னிடம் என்று ஸ்பிரிங் வீடு மாறிக்கொண்டிருந்தது. நீ ஒரு கையால் ரசத்தைக் கிண்டிக்கொண்டு மறு கையால் அமுக்குவாய். "கட்டிக் குடுக்கப் போற பிள்ளைக்கு என்னத்துக்குட்டி இந்தக் குஸ்தி?" என்று உன் அம்மா சத்தம் போட்டதற்கு, "வாற மாப்பிள்ளை ஓடிராம பிடிச்சு வைக்கத்தான்" என்றாய். ஒரே மாதத்தில் உன் கையில் பிடி இரண்டும் டக்கென்று சேர்ந்தன. மிஷினில் உன் அடி விழுந்தால் அடுத்த அறைக்குக் கேட்கும். எனக்குப் பிடிகள் சேரவே இல்லை.

சிரித்தாலும் உனக்கு உள்ளே பயம் இருந்தது. திருவேங்கடத்தில் மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள். "டைப்பிங் ஹையர் பரீச்சை பாஸாயிட்டா வேலைக்கு எழுதிப் போடலாம், ரெண்டு வருசம் தள்ளிப் போட்டுருவாக. இல்லன்னா தையில தாலிதான்" என்று நீ சொன்னபோது உன் முகத்தில் விளையாட்டு இல்லை. எனக்கு அப்படி ஒரு நெருக்கடியும் கிடையாது. ஒரு வருஷம் போனால் அடுத்த வருஷம் என்றிருந்தேன்.

அப்படி இருந்தவள் கடைசி வாரத்தில் புத்திகெட்டுப்போய், ஸ்பிரிங் என் முறையில் வந்தபோதெல்லாம் முந்நூறு, நானூறு என்று அமுக்கினேன். பரீட்சையன்று காலையில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. இன்ஸ்டிட்யூட் மிஷின்களை வேனில் ஏற்றித் திருநெல்வேலி சென்டரில் இறக்கினார்கள். நம் கிழட்டு மிஷினில் முதல் பேட்ச் நான், அடுத்த பேட்ச் நீ. மரத்தடியில் உட்கார்ந்து டீக்கடை வெந்நீரில் உன் கைக்குட்டையை நனைத்து எனக்கு ஒத்தடம் கொடுத்தாய். "பதறாதட்டி, அடிச்சுருவ" என்றாய். மணி அடிக்கிறவரை என் கையை விடவில்லை.

உள்ளே போய் உட்கார்ந்து ஒரு விரலை வைத்தேன். உயிர் போனது. பின்னால் கையை விட்டுத் திருகை நன்றாக இளக்கினேன். பஞ்சுபோல ஆகிவிட்டது மிஷின். அடித்து முடித்தேன். தாளைக் கொடுத்தேன். வலியும் சந்தோஷமுமாக எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அடுத்து நீ போனாய். வெளியே நின்ற எனக்கே உன் அடி கேட்டது. கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது, நின்றது. வெளியே வந்தபோது உன் பத்து விரலிலும் ரிப்பன் மை. "கம்பியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு முட்டி மாட்டிக்கிட்டுட்டி. பிரிச்சு விடுததுலயே நேரம் போயிட்டு" என்றாய். அப்போதுதான் எனக்குத் திருகு ஞாபகம் வந்தது. வேனில் ஏற்றும்போது ஓடிப்போய்ப் பார்த்தேன். திருகு பொட்டுக்கு நேரே இருந்தது. அப்பாடா என்றிருந்தது. எழுந்து வரும்போது நானே திருப்பி வைத்திருப்பேன், பதற்றத்தில் நினைவில்லை என்று சமாதானம் செய்துகொண்டேன்.

நான் பாஸ். நீ ஃபெயில். தையில் உனக்குத் தாலி. எனக்கு ஆர்டர் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆபீஸில் டைப் அடித்தேன். ஒருமுறை திருவேங்கடத்துக்கு உன்னைப் பார்க்க வந்தபோது கரிசல் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தாய். விரலெல்லாம் பருத்திக் காயின் ஓடு கீறிய கோடு. "பாத்தியா, ஸ்பிரிங் அமுக்குன கை, ஊர்ல எனக்கு ஈடா ஒருத்தி எடுக்கமாட்டா" என்று சிரித்தாய். அந்தப் பரீட்சையைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். திருகு பொட்டுக்கு நேரேதானே இருந்தது, என்னத்தைக் கேட்க என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு சமாதானத்தை வைத்துக்கொண்டே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

உன் மகள் காப்பியைக் குடித்துக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள். "அம்மா இந்த ஸ்பிரிங்கை எடுக்கும்போதெல்லாம் அந்தப் பரீச்சைக் கதையைச் சொல்லுவா சித்தி. மிஷின்ல திருகு இளகிக் கெடந்துச்சாம், முடியப் போற நேரத்துலதான் தெரிஞ்சுதாம். அடிச்சு முடிச்சதும் பொட்டுக்கு நேரே திருப்பி வச்சுட்டுத்தான் வெளிய வந்தாளாம். இல்லன்னா மாஸ்டர் உங்களை வைவாராம்ல. 'பாவம், அவளுக்குக் கை வீங்கிக் கெடந்துச்சு'ம்பா."

அவள் போனபிறகு காப்பி டம்ளரைக் கழுவி வைத்தேன். கோபம் வந்தது, உன்மேல்தான். ஒரு தரம் என்னை வைதிருக்கலாம் நீ.

இன்றைக்கும் அமுக்கிப் பார்த்தேன். இரண்டு பிடிக்கும் நடுவில் ஒரு விரல்கடை மிச்சம் இருக்கிறது. இனி சேரும் என்று தோன்றவில்லை. ஆனாலும் அமுக்குகிறேன். ஒவ்வொரு தரமும், உனக்குத் தெரிந்ததையே உன்னிடம் சொல்லிக்கொள்கிறேன்: நான்தாம்ட்டி இளக்குனேன். திருப்பி வைக்க மறந்துட்டேன்.