பெட்டிக்குச் சக்கரம் மாட்டும் மகளுக்கு

என் அன்பு வாலுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம் என்று பார்த்தேன், தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த உன் அப்பா, முதல் வரியிலேயே பொய்யை ஆரம்பிக்காதே என்றார், அதனால் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுக்குத்தான் சரியில்லை என்று திருத்தி எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் சூப்பரா இருக்கேன்மா என்பதைத் தவிர வேறு எதையாவது சொல். அத்தனை தூரத்தில் ஒருத்தி எல்லா நாளும் சூப்பராக இருந்தால் பெற்றவள் நம்புவாளா. இந்தக் காலத்தில் யாரும்மா கடிதம் எழுதுறாங்க என்று சிரிப்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் கஸ்டமர் வந்துட்டாங்கம்மா என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைக் கீழே வைத்தாலும் அது அங்கேயே கிடந்து உன்னை முறைத்துக்கொண்டிருக்கும்.

உன் அப்பா கதையைக் கேள். நீ இருக்கும் ஊரின் வானிலையைப் போனில் போட்டு வைத்திருக்கிறார். அங்கே மழை என்றால் இங்கே கொளுத்துகிற வெயிலில் குடையோடு ஸ்கூல் வேன் ஓட்டப் போகிறார், பிள்ளைகள் குடை அங்கிள் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். போன வாரம் அங்கே பனி விழும் என்று போட்டிருந்ததாம், மனுஷர் ஸ்வெட்டரை எடுத்து உதறிக்கொண்டிருந்தார், நான்தான் பிடுங்கி உள்ளே வைத்தேன். அவரைக் கேலி செய்ய எனக்கும் தகுதி இல்லை. பல் டாக்டரின் மனைவி என் பியூட்டி பார்லருக்கு வந்தார், புருவம் திருத்திக்கொண்டே உன் புராணத்தை ஆரம்பித்தேன். ஊர் சுற்றப் போன இடத்தில் கல் பாவிய தெருவில் உன் பெட்டிச் சக்கரம் கழன்று ஓடியது, கேட்ட கடையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கு என்றது, நீ ரயில் நிலையப் படியில் உட்கார்ந்து நீயே அதை மாட்டினாய், அதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் தன் பெட்டியையும் நீட்டினார், அங்கேயே பெட்டி ரிப்பேர் கடை வைக்கும் பித்து உனக்குப் பிடித்தது. கதையில் சக்கரம் கழலும்போது ஒரு புருவம் ஒழுங்காக முடிந்திருந்தது, கடை திறக்கும்போது இன்னொன்றில் பாதிதான் மிச்சம். அந்த அம்மா கண்ணாடியைப் பார்த்துவிட்டு, பொண்ணு கடை எப்படியோ, உங்க கடைய சீக்கிரம் மூடிடுவீங்க போலிருக்கே என்றார்.

சிரிப்பாகத்தான் எழுதுகிறேன், உள்ளே பயம்தான். வீடியோவில் நீ வரும்போதெல்லாம் உனக்குப் பின்னால் அலமாரியில் கைப்பிடி இல்லாத பச்சைப் பெட்டி ஒன்று இருக்கிறது. மழை போய்ப் பனி வந்தும் அது நகரவில்லை. ரிப்பேர் ஆகியிருந்தால் போயிருக்குமே, அப்படியானால் வேலையே இல்லை, கஸ்டமர் வந்துட்டாங்க என்பதெல்லாம் நமக்காகக் கட்டுகிற கதை என்று நானே துப்பறிந்தேன். அதை அப்பாவிடம் சொன்னது தப்பாகிவிட்டது, அன்றிலிருந்து உன் முகத்தைப் பார்க்காமல் பெட்டியையே பார்க்கிறார். பொறுக்காமல் கேட்டதற்கு, அது உதிரி பாகத்துக்கு வச்சிருக்கிறதும்மா, ஜிப் வேணும்னா அதிலிருந்துதான் கழற்றுவேன் என்றாய். நம்பினேன், முக்கால்வாசி. இந்த நேரம் பார்த்து உன் அத்தை வந்து, தன் இன்சூரன்ஸ் ஆபீஸில் ஒரு இடம் காலியாகிறது, மாசக் கடைசிக்குள்ள அவள வரச் சொல்லுங்க, சக்கரம் மாட்டுறதுக்கா படிக்க வச்சீங்க என்று உட்கார்ந்துவிட்டாள். உன் கடை ஒப்பந்தமும் அப்போதுதான் முடிகிறது. இன்னொரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடவா, கிளம்பி வந்துடவா, நீங்களே சொல்லுங்க என்று நீ கேட்டாய். டிக்கெட் எடுத்த பிறகு எங்களிடம் தகவல் சொன்னவள் நீ. அப்படிப்பட்டவள் யோசனை கேட்டதுதான் என்னை ஆட்டிவிட்டது. வந்துவிடு என்று சொல்லிவிடத் தீர்மானித்து, உன் அறையைத் துடைத்துக் கட்டில் விரிப்புக்கூட மாற்றிவிட்டேன்.

அதைச் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டேன். நான் வாயெடுப்பதற்குள் உன் கடைக் கதவு மணி அடித்தது, வைக்கிறேன் என்றாய், ஆனால் வைக்கவில்லை, போனை மேஜையில் மல்லாக்கப் போட்டுவிட்டுப் போய்விட்டாய். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் உன் கடையின் மேற்கூரை, அதில் ஒரு ட்யூப் லைட், மூலையில் ஈரக் கறை. நான் கட் பண்ணப் போனேன், அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். யாரோ ஒரு வயசான குரல் சத்தம் போட்டது, அந்தப் பாஷையில் எங்களுக்கு ஒரு எழுத்தும் தெரியாது, தனியாக இருக்கிறாளே என்று போனில் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். நீயும் விடாமல் பதிலுக்குப் பேசினாய். எந்தப் பாஷையானால் என்ன, உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, சும்மா இரு என்று என்னை அடக்குவாயே, அதே ராகம். பிறகு சுத்தியல் சத்தம், எதையோ முன்னும் பின்னும் உருட்டிப் பார்க்கிற சத்தம். அப்புறம் அந்தக் குரல் சிரித்தது, நீயும் சிரித்தாய். எங்களுக்காகச் சிரிக்கிற சிரிப்பு இல்லை, நீ இங்கிருந்து போன பிறகு நான் கேட்காத சிரிப்பு. அடுத்து இன்னொருவர் வந்தார். கூரையைப் பார்த்துக்கொண்டு நாங்கள் இருவரும் சினிமாவுக்கு வந்தவர்கள் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தோம், உன் போனில் சார்ஜ் தீரும் வரைக்கும். திரை கறுத்ததும் அப்பா மெதுவாக, "நம்மள சுத்தமா மறந்துட்டா, பாத்தியா" என்றார். குறை சொல்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன், கண் கலங்கியிருந்தது, மீசை சிரித்துக்கொண்டிருந்தது.

அதனால் கையெழுத்துப் போட்டுவிடு. எங்கள் பயம் போய்விட்டது என்று நினைக்காதே, இன்னும் ஒரு வருஷத்துக்கு அதுவும் நீடிக்கும், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கடை படுத்துவிட்டால் வெட்கப்படாமல் கிளம்பி வா, அறை துடைத்துத்தான் இருக்கிறது. அத்தைக்கு நான் பதில் சொல்கிறேன், அவள் முடி வெட்ட என்னிடம்தானே வந்தாக வேண்டும். வாயில் திருகாணியைக் கவ்விக்கொண்டு பேசாதே, நேரத்துக்குச் சாப்பிடு. நீ தொட்டது துலங்கட்டும், உன் கடை மணி ஓயாமல் அடிக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, நாங்கள் கூப்பிடும்போது ஆள் வந்தால் போனை வைக்காதே கண்ணு, மேஜையில் அப்படியே போட்டுவிட்டுப் போ.

உன் நினைப்பில் ஊரார் புருவத்தைக் காலி செய்யும்,
அம்மா