மூன்றில் ஒன்று வேறு

மார்ச் 3, திங்கள்

காலை ஏழே காலுக்கு இவர் அச்சகத்திலிருந்து வந்தார். நான் சின்ன மகன் வாண்டுவின் பள்ளிச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். காலுறையைக் கழற்றிக்கொண்டே, மழை வரும்போலிருக்கு என்று சொல்கிற குரலில் சொன்னார்: "பைண்டிங் பிரிவுல பகல் வேலை ஒண்ணு காலியாகுது. என்னைக் கேட்டாங்க. முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள பதில் சொல்லணுமாம்."

"சம்பளம்?"

"இப்ப வாங்குறதுல அஞ்சுல ஒரு பங்கு குறையும்."

"பார்க்கலாம்" என்றேன். எங்கள் வீட்டில் பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். அவருக்கும் தெரியும். சிரித்துவிட்டு உள்ளே போய், ஜன்னலில் கறுப்புத் துணியை இழுத்து மூடி, ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். ஒன்பது வருடமாக இதுதான். நாங்கள் மூவரும் வீடு திரும்பும் நேரத்தில் அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். மகளுக்கு அப்பாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஃப்ரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டுவாள். பதினாறு வயதுப் பெண், பெற்ற அப்பாவோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதப் போக்குவரத்து!

ஏன் அப்படிச் சொன்னேன்? யோசித்துக்கொண்டே நின்றதில் சட்டைக் காலர் கருகிவிட்டது.

மார்ச் 4

ஐந்தில் ஒரு பங்கு. எங்கே கை வைப்பது?

மார்ச் 6, வியாழன்

மூன்று வருடம் முன்பு கூரை ஒழுகியபோது ஒரு தடவை சிக்கனம் செய்தோம். சரி, செய்தேன். பழம் கிடையாது, பிஸ்கட் கிடையாது, எட்டு மணிக்கு மேல் கூடத்து விளக்கு கிடையாது. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி ஒன்றரை மாதம். துக்க வீடு மாதிரி எல்லோரும் நடமாடினோம். பிறகு ஒரு சனிக்கிழமை கடைத்தெருவுக்குப் போய், மிச்சம் பிடித்த அத்தனையையும் நாலு பேருமாக ஒரே சாயங்காலத்தில் தின்று தீர்த்தோம். அந்தக் கூத்து மறுபடி வேண்டாம்.

இன்று வேலையில் சோதனை. பிஸ்கட் கம்பெனியில் சுவை பார்ப்பது என் வேலை என்றால் கேட்கிறவர்கள் பொறாமைப்படுகிறார்கள். பதினோரு வருடம் தின்று பார்க்கட்டும், தெரியும். வெண்ணெயைக் குறைத்து மலிவான கொழுப்பு சேர்க்கலாமா என்று மேலிடம் கேட்டிருக்கிறது. நிறம் தெரியாதபடி சிவப்பு பல்பு. ஆளுக்கொரு தடுப்பு. தட்டில் மூன்று துண்டு — இரண்டு ஒன்றேபோல், ஒன்று வேறு. அந்த வேறு எது என்று சொல்ல வேண்டும். எனக்கு முதல் கடியிலேயே தெரிந்தது. மற்ற எட்டுப் பேரில் ஆறு பேருக்கும் தெரிந்தது. மலிவு தோற்றது. எங்கள் பிரிவு மேடம் எப்போதும் சொல்வதையே கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தெரியுறதை மாத்தாதே. தெரியாததுக்குக் காசு குடுக்காதே."

பேருந்தில் நின்றுகொண்டே வரும்போதுதான் உறைத்தது. இத்தனை வருடம் இதைக் காதில் வாங்கியிருக்கிறேனே, ஒரு நாளாவது வீட்டுக்குக் கொண்டுவந்தேனா?

மார்ச் 8, சனி

முதல் சோதனை: காபி. இரண்டு கோப்பையில் வழக்கமான தூள், ஒன்றில் பாதி விலைத் தூள். மகளுடைய துப்பட்டாவால் இவர் கண்ணைக் கட்டினோம். மகாராஜா மாதிரி மோந்தார், உறிஞ்சினார், சப்புக்கொட்டினார். மூன்று தடவை வைத்தோம், மூன்று தடவையும் தப்பு. ஒரு முறை மலிவுத் தூளைத் தொட்டு, "இதுதான் நம்ம பழைய காபி, இந்த மணமே தனி" என்றாரே!

"நாக்கா அது, செருப்புத் தோலா?" என்றேன்.

"பதினெட்டு வருஷமா உன் சமையலைச் சாப்பிட்ட நாக்கு, வேற எப்படி இருக்கும்?"

மகள் சட்டம் எழுதினாள், தனி நோட்டில்: மூன்று பேரில் இரண்டு பேர் கண்டுபிடித்தால் விலை கூடியதே இருக்கும். யாரும் வாதாடக் கூடாது. மகளும் ருசி பார்த்துத் தோற்றாள். காபித்தூள் மாற்றப்படுகிறது.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் நீந்திவிட்டு வந்ததும் அடுத்த சுற்று. சோப்புத் தூள் — மூன்று கைக்குட்டை, ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எண்ணெய், ரொட்டி, பாத்திரம் கழுவும் திரவம், எல்லாம் அப்படியே. அரிசியை மூன்று பேரும் முதல் கவளத்தில் பிடித்துவிட்டார்கள். பற்பசையை வாண்டு துப்பியே காட்டினான். அரிசியும் பற்பசையும் பிழைத்தன.

இரண்டு பொருள் பிழைத்ததில் எனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்? போன தடவை நான்தான் நீதிபதி, நான்தான் போலீஸ். இந்தத் தடவை அரிசியே தனக்காக வாதாடி ஜெயித்துவிட்டது.

மார்ச் 13, வியாழன்

நாக்கு பார்க்க முடியாத செலவுகளுக்கு மகள் இன்னொரு சட்டம் போட்டாள். சொல்லாமல் நிறுத்த வேண்டும். ஐந்து நாளுக்குள் யாராவது "அது எங்கே?" என்று கேட்டால் திரும்ப வரும். கேட்காவிட்டால் போனது போனதுதான். இணைய வேகத்தை அவளே குறைத்து ஆறு நாள் ஆகிறதாம். ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியவில்லை. படம் பார்க்கிற சந்தா இரண்டில் ஒன்றும் போயிற்று. வாண்டுவின் கார்ட்டூனை மட்டும் நாலு நிமிடத்தில் கேட்டு வாங்கிவிட்டான்.

இவர் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் ஃப்ரிட்ஜ் கதவில் சின்னதாக ஒரு சீட்டு: "பைண்டிங்ல சாயங்காலம் அஞ்சு மணிக்கு விட்டுடுவாங்களாம்." யாருக்கு எழுதினார் என்று போடவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

கிட்டே வந்துவிட்டோம். இன்னும் கொஞ்சம்தான் இடிக்கிறது. சரியாகச் சொன்னால் என் நீச்சல் குளத்துச் சந்தா அளவு.

ஞாயிறு காலையும் புதன் சாயங்காலமும் முக்கால் மணி நேரம். தலையைத் தண்ணீருக்குள் விட்டால் 'அம்மா' என்று கூப்பிட்டாலும் கேட்காது. அவ்வளவுதான் அதில் விசேஷம். அதற்குப் போய்ச் சந்தா கட்டுவானேன்? நிறுத்திவிட்டேன். வீட்டில் குளம் பழுதுபார்க்கிறார்கள், மூடியிருக்கிறது என்று சொன்னேன்.

பொய். எல்லாவற்றுக்கும் சோதனை வைத்தவள் இதற்கு மட்டும் ஏன் வைக்கவில்லை? ஊருக்குத்தான் உபதேசம்.

மார்ச் 20

குளத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மூடியிருக்கிறது என்று நானே சொன்ன பிறகு எப்படிக் கேட்பார்கள்? இருந்தாலும் வலிக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

காலை ஆறு மணிக்கே முழிப்பு வந்துவிட்டது. போக இடமில்லை. அலமாரிகளைத் துடைத்தேன். இவர் வந்து குறட்டை விட்டதற்குக் கோபம். வாண்டு தண்ணீர் சிந்தினான் என்று புதன்கிழமை முதுகில் ஒன்று வைத்தேன், அது இன்னும் என் கையிலேயே இருக்கிறது. சின்னப் பிள்ளை, அழக்கூட இல்லை. என்னையே பார்த்தான்.

மார்ச் 26, புதன்

வேலையில் மூன்றில் ஒன்றைத் தப்பாகச் சொன்னேன். பதினோரு வருடத்தில் முதல் தடவை. "ஜலதோஷமா?" என்று மேடம் கேட்டார். ஆமாம் என்றேன். இப்போதெல்லாம் பொய் சரளமாக வருகிறது.

மார்ச் 28, வெள்ளி

போச்சு. எல்லாம் போச்சு.

வேலைக்குக் கிளம்பும்போது இவர் சொன்னார், "வேண்டாம். நான் ராத்திரி வேலையிலேயே இருந்துக்கறேன். திங்கட்கிழமை சொல்லிடுறேன்."

"ஏன்? எல்லாம்தான் சரியா வந்துடுச்சே!"

"என்ன சரியா வந்துச்சு? மிச்சம் பிடிச்சுப் பிடிச்சு உன் மூஞ்சி இத்தனூண்டு ஆயிடுச்சு. நீ இப்படி உர்ருனு இருந்தா, சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்து யாரைப் பாக்கப்போறேன்?"

குளத்தைச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னா அந்தக் காசுக்கு என்ன வழி? காசு இல்லேன்னா பகல் வேலை ஏது? எப்படிச் சுத்தினாலும் அவர் ராத்திரிதான் போகணும். நானே முடிச்சுப் போட்டு நானே அதுல மாட்டிக்கிட்டேன். கதவைச் சாத்திவிட்டு அவர் போன பிறகு அடுப்படியில் நின்று அழுதேன்.

மார்ச் 30, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டதும் மகள் என்னைக் கூடத்தில் உட்காரவைத்தாள். கையில் சோதனை நோட்டு. இவர் தூங்கி எழுந்த முகத்தோடு சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். வாண்டு அடக்கவில்லை.

"பொருள்: அம்மா" என்று வாசித்தாள். "பத்தொன்பதாம் தேதி, தண்ணி சிந்தினதுக்கு வாண்டுக்கு அடி. இருபத்தொண்ணு, என் தலைமுடி, என் செருப்பு, என் மதிப்பெண், மூணுக்கும் சேர்த்து ஒரே மூச்சில திட்டு. இருபத்திமூணு, அப்பா மூச்சு விட்டாலே குத்தம்."

"என்னடி இது, குற்றப்பத்திரிகையா?"

"அம்மா, நீ குளத்துக்கு எடுத்துட்டுப் போற நீலத் துண்டு கொடியில தொங்கவே இல்லை!" வாண்டுவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "ரொம்ப நாளா இல்லை. நான்தான் பாத்தேன். இன்னைக்குக் காலைல அப்பா வந்ததும் ஸ்கூட்டர்ல போய்ப் பாத்தோம். குளம் தொறந்திருக்கு. நெறையத் தண்ணி இருக்கு!"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறேன். கொடியில் ஒரு துண்டு குறைந்தது தெரியாதென்று நினைத்தேனே.

"மூணு பேர்ல மூணு பேரும் கண்டுபிடிச்சிட்டோம்" என்றாள் மகள். "சட்டப்படி பழைய அம்மா திரும்ப வரணும். வாதாடக் கூடாது."

சிரிக்கத்தான் நினைத்தேன். அழுகை வந்துவிட்டது. வாண்டுவை இழுத்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். "அந்தக் காசுக்கு எங்கே போறது?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டேன். மகள் நோட்டை முன்னும் பின்னும் புரட்டினாள். படுக்கையறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. இவர் உள்ளே போய் அதை நிறுத்தினார்.

சட்டென்று வீடு அமைதியானது. நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பகலில் தூங்க ஆளில்லை என்றால் பகலெல்லாம் அது எதற்கு? ஒன்பது வருடமாக ஓடுகிற சத்தம், எங்கள் யார் காதிலும் விழுவதில்லை. கைக்குட்டைக்கெல்லாம் சோதனை வைத்தேன். இதை மறந்துவிட்டேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிறவளாம் நான்! மகள் பழைய மின்கட்டணச் சீட்டை எடுத்துவந்து கணக்குப் போட்டுப் பார்த்தாள். குளத்துச் சந்தா போக இன்னும் கொஞ்சம் மிஞ்சியது.

"பாத்தியா, தூங்கியே குடும்பத்தைக் கெடுத்திருக்கேன்" என்றார் இவர்.

மார்ச் 31

சொல்லிவிட்டார். சரி என்று.

ஏப்ரல் 21, திங்கள்

காலை ஏழரைக்கு நாலு பேரும் ஒரே வாசலில் செருப்பு தேடினோம். இடித்துக்கொண்டு, திட்டிக்கொண்டு. மகள் மட்டும் வேண்டுமென்றே மெதுவாகத் தேடினாள்.

ஏப்ரல் 23, புதன்

குளத்திலிருந்து ஈரத் தலையோடு வந்தேன். இவர் காபி போட்டுக் கொடுத்தார். தூளை இரண்டு மடங்கு போட்டிருக்கிறார், கசப்பு. மிச்சம் பிடித்ததெல்லாம் இப்படியே போய்விடும் போலிருக்கிறது. முழுக் கோப்பையையும் குடித்தேன். வாண்டுவுக்கு அப்பா கணக்குச் சொல்லித்தருகிறார். இரண்டு பேரும் தப்பு.

துண்டைக் காயப்போடப் போனபோது படுக்கையறை ஜன்னலில் அந்தக் கறுப்புத் துணியைப் பார்த்தேன். யாரிடமும் சொல்லாமல் கழற்றி, மடித்து, அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 28, திங்கள்

ஜன்னல் துணியைக் கழற்றி ஐந்து நாள் ஆகிவிட்டது. யாரும் கேட்கவில்லை.