மேலிருந்து கீழே ஒரு கோடு

யாவோர்னிக் வனக் குடியிருப்பு
நவம்பர் 4

அன்புள்ள யாத்விகா,

நலமா? நான் இருக்கிறேன். போனில் கூப்பிட வேண்டுமானால் சிக்னலுக்காக மேட்டுக்கு ஏற வேண்டும். ஏறிப் பேசினாலும் முதல் நிமிஷத்திலேயே நாம் இருவரும் களைத்துப் போகிறோம். அதனால் எழுதுகிறேன். மூன்று வருஷம் கழித்துப் புருஷன் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

என் முழங்கால் இனி மலை ஏறாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஜனவரியிலிருந்து சனோக் ஊரில் நாற்காலி வேலை. இந்த வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போகிறது. கிறிஸ்துமஸுக்கு முன் காலி செய்ய வேண்டும். சனோக்கில் இரண்டு அறை வீடு ஒன்று பார்த்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் பஸ் நிலையம்தான் தெரியும். உன் தையல் மெஷின், உன் அம்மா கொடுத்த பீங்கான் தட்டுகள், காளான் ஜாடிகள், உன் பழைய போட்டோப் பெட்டிகள் எல்லாம் இங்கேதான் கிடக்கின்றன. கிராக்கோவுக்கு அனுப்பவா, என்னோடு எடுத்துப் போகவா? உனக்கு எப்படி வசதியோ அப்படிச் செய்கிறேன்.

இன்னொரு விஷயம். ஆபீசுக்கு அடுத்த வருஷக் காலண்டர் வந்திருக்கிறது. அக்டோபர் பக்கத்தில் நீ போன வருஷம் இங்கே எடுத்த, பரிசு வாங்கிய படம். நம் குடும்பப் பெயரை மாற்றாமல்தான் போட்டிருக்கிறாய். பக்கத்து வனச் சரகத்து மியெட்டெக் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தான்.

“என்னப்பா இது, ஓடுற பஸ்லேர்ந்து எடுத்தாங்களா?”

“வேணும்னேதான் கேமராவ இழுத்து எடுக்கறது. அது ஒரு வகை.”

“நான் எடுத்தா எல்லாமே அந்த வகைதான். எனக்கு எவனும் பரிசு குடுக்கலயே.”

அவன் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். நம் காட்டு பீச் மரங்கள் சாம்பல் நூல்களாக இறங்குகின்றன. இலைகள் எல்லாம் கரைந்து செம்பும் மஞ்சளுமாக ஓடுகின்றன. நடுவில் ஒரே ஒரு சிவப்புக் கோடு. காட்டுச் செர்ரி என்று கீழே அச்சடித்திருக்கிறார்கள். அந்தச் சரிவில் செர்ரியே கிடையாது, யாத்விகா. அது என் பெயின்ட். நீ இங்கே இருந்தபோது இருந்த வழக்கம்தான் இன்றும்: வெட்ட வேண்டியதற்குச் சிவப்பு, தொடக் கூடாததற்கு நீலம். டிசம்பரில் வெட்டுகிறவர்கள் வருகிறார்கள். அடுத்த அக்டோபரில் நீ போய் ஏமாந்து நிற்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

விட்டோல்ட்


கிராக்கோவ்
நவம்பர் 13

அன்புள்ள விட்டோல்ட்,

உன் முழங்கால் கதை எனக்கு அக்டோபரிலேயே தெரியும். அங்கே படமெடுக்க வரும்போது நான் தங்குகிற வீட்டுக் கெனோவெஃபா அம்மாள் சொன்னார். நான் வந்திருப்பதை உனக்குச் சொன்னதும் அவரேதான். இரண்டு இலையுதிர் காலமாக ஒரு மலைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. கெனோவெஃபா ரொட்டியை அறுத்துக்கொண்டே கேட்டார்: “ஏம்மா, ரெண்டு பேருக்கும் நடுவுல மலை மட்டுந்தான் நிக்குதா, வேற எதுவும் நிக்குதா?” நான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினேன்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. காலையில் பல் டாக்டர் கிளினிக்கில் பெயர் பதிந்து உட்கார வைக்கிற வேலை. மாலையில் வீட்டுக்கு வந்து சூப்பைச் சூடு பண்ணுகிறேன். தோள்பட்டை வலிக்கிறது. முக்கால் நொடி ஷட்டரைத் திறந்துவிட்டு, கேமராவை உச்சியிலிருந்து வேர் வரை நேராக இறக்க வேண்டும். கை ஒரு நூல் சாய்ந்தாலும் மரங்கள் விழுவதுபோல் ஆகிவிடும். ஒரு நாள் முழுக்கத் தூறலில் நின்றால் ஒரு படம் தேறும், சில நாள் அதுவும் இல்லை. இந்த வயதில் இது தேவையா என்று தோள் கேட்கிறது.

சாமான்களை அப்படியே வை, அவசரப்படாதே. அந்த மரத்தை மட்டும் விட்டுவைக்க முடியுமா?

யாத்விகா


யாவோர்னிக்
நவம்பர் 22

அன்புள்ள யாத்விகா,

முடியாது. உள்ளே பூஞ்சை விழுந்துவிட்டது, தட்டினால் வெற்றுக் குடம்போல் சத்தம். குறித்தால் குறித்ததுதான். இருந்தாலும் மியெட்டெக்கிடம் கேட்டுப் பார்த்தேன். “செவப்பு மேல நீலத்த அடிச்சா ஊதா வரும். ஊதாக்கு நம்மகிட்ட சட்டம் இல்லயே” என்றான்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. நாள் முழுக்க அந்த மரத்தின் முன் நின்றிருக்கிறாய். இத்தனை வருஷம் வனக்காரனோடு குடித்தனம் நடத்தியவள். அவ்வளவு பெரிய சிவப்பு உன் கண்ணில் படவில்லை. எதையும் உள்ளபடி பார்க்கக் கூடாது என்றுதான் கேமராவை ஆட்டுகிறாயோ என்று தோன்றுகிறது. நம்மையும் அப்படித்தான் பார்த்தாய் போல. எனக்கு இதையெல்லாம் யோசித்தே அலுத்துவிட்டது.

பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். உன் சாமான்களை ஒரு மூலையில் தனியாக வைத்திருக்கிறேன். பத்தாம் தேதி லாரி வருகிறது. அதற்குள் சொல்.

விட்டோல்ட்


கிராக்கோவ்
நவம்பர் 30

விட்டோல்ட்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் கோபமாக இருந்தேன். பிறகு கோபப்படக்கூடத் தெம்பில்லை. அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

அது உன் பெயின்ட் என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

செர்ரி என்று எழுதியது பரிசு கொடுத்தவர்கள். போனில் கேட்டார்கள், நான் மறுக்கவில்லை. என் புருஷன் போட்ட கோடு என்று ஊர் பேர் தெரியாத ஒருவரிடம் எப்படிச் சொல்வேன்?

அந்தச் சரிவுக்கு நான் இலைகளைத் தேடி வரவில்லை. முதல் நாள் வழி தவறித்தான் வந்தேன். ஒரு மரத்தில் கோடு. மியெட்டெக் போட்டால் பொட்டு வைத்ததுபோல் வைத்துவிட்டுப் போய்விடுவான். நீ மட்டும்தான் நெஞ்சு உயரத்தில் தொடங்கி, கீழே இழுத்து, கடைசியில் மணிக்கட்டை இடது பக்கம் திருப்புவாய். சமையலறைச் சுவருக்கு வெள்ளை அடித்தபோதும் அப்படித்தான் அடித்தாய், அதற்காக நான் உன்னைத் திட்டியிருக்கிறேன். அந்த மரத்திலிருந்து அடுத்த மரம், அதிலிருந்து அடுத்தது என்று உன் கோடுகளைப் பிடித்துக்கொண்டே இருட்டும்வரை நடந்தேன். மூன்று வருஷத்தில் உன் கையால் எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

உன் கை எப்படி இறங்கியதோ அப்படியே கேமராவை இறக்கினேன். மேலிருந்து கீழே. கடைசியில் கொஞ்சம் இடது பக்கம். பரிசு கொடுத்தவர்கள் அந்தத் திருப்பத்தைத்தான் ரொம்பப் புகழ்ந்தார்கள்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதம் என்று சொல்லித்தான் இங்கே வந்தேன். அவரை அடக்கம் செய்த பிறகு பெட்டியைக் கட்டி வாசலருகே வைத்துக்கொண்டு ஒரு மாதம் இருந்தேன். எப்ப வர்ற என்று நீ கேட்பாய் என்று பார்த்தேன். நீ போனில் சொன்னது என்ன தெரியுமா? “உனக்கு எப்டி வசதியோ அப்டிப் பண்ணு.” உன் முதல் கடிதத்திலும் சாமான்களைப் பற்றி அதையே எழுதியிருக்கிறாய். அது மரியாதை என்று நீ நினைக்கிறாய். எனக்கோ கதவைச் சாத்துகிற சத்தம்தான் கேட்டது.

குறை சொல்வதும் அலுத்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தைதான் கேட்கிறேன். அதை எழுதத் தோன்றவில்லை என்றால் சாமான்களை லாரியில் ஏற்றி இங்கே அனுப்பிவிடு. நான் புரிந்துகொள்வேன், அதற்கு மேல் எழுதவும் மாட்டேன்.

யாத்விகா


சனோக்
டிசம்பர் 14

யாத்விகா,

பதில் தாமதம். நாலு கடிதம் எழுதி அடுப்பில் போட்டேன், பிறகு அடுப்பும் இல்லாமல் போய்விட்டது. இங்கே சுவரோடு ரேடியேட்டர்.

மரங்களை வெட்டிவிட்டார்கள். அன்றைக்கு என் முழங்காலோடு சரிவில் ஏறினேன், மியெட்டெக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். நீ எடுத்த மரத்தைக் கடைசியாக வெட்டச் சொன்னேன். அது சாய்வதற்கு முன் கோட்டைப் பார்த்தேன். நீ சொன்னது சரி, இடது பக்கம் திரும்பியிருக்கிறது. முப்பது வருஷமாகப் போடுகிறேன், கவனித்ததே இல்லை. நீ பார்க்கவில்லை என்று எழுதினேனே, அந்த வரியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

லாரி பத்தாம் தேதி வந்தது. ஒரே நடைதான். தையல் மெஷின் பஸ் நிலையத்தைப் பார்த்த ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது. தட்டுகளில் ஒன்று உடைந்தது, ஐந்து பத்திரம். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவுக்குக் கெண்டை மீன் சொல்லிவைத்திருக்கிறேன். எதிர்பாராத விருந்தாளிக்காக எல்லா வீட்டிலும் ஒரு தட்டு கூடுதலாக வைப்பார்கள். இந்த வருஷம் அது வேண்டாம் என்று இருக்கிறேன். எனக்கு ஒன்று, உனக்கு ஒன்று.

வசதியைப் பற்றி இனி எழுத மாட்டேன். எனக்கு நீ இல்லாமல் முடியவில்லை. வா.

கிராக்கோவ் பஸ் மாலையில் வருகிறது. இந்த ஜன்னலைப் பற்றிக் குறைப்பட்டு எழுதியிருந்தேன், இப்போது அதில் குறை தெரியவில்லை. ஆனால் இங்கே ஆறு கட்டடமும் ஒரே அச்சு, கதவுகளும் ஒரே நிறம். நீ வேறு யார் வீட்டுக் கதவையாவது தட்டிவிடுவாயோ என்று, நேற்று மீதியிருந்த பெயின்ட் டப்பாவை எடுத்து என் கதவில் ஒரு கோடு இழுத்தேன். எதிர்வீட்டு அம்மாள் வெளியே வந்துவிட்டார்.

“வந்து நாலு நாள் ஆகல, கதவப் பாழ் பண்றீங்களே. என்னங்க இது?”

“என் பொண்டாட்டிக்குத் தெரியும்ங்க” என்றேன்.

மூன்றாவது மாடி. நெஞ்சு உயரத்தில் தொடங்கி, கீழே வந்து, இடது பக்கம் திரும்பும். நீலம்.

உன்
விட்டோல்ட்