எலிக்கு நைனாவின் மாத்திரை

2006 ஆகஸ்ட் 9, புதன்

எங்கள் கும்மிடிப்பூண்டி ஆய்வுக்கூடத்தில் இத்தனை மாதமாக எலிகளின் இதயத்தை மாரடைப்பிலிருந்து காப்பாற்றிவந்த புது மருந்து, இன்று காப்பாற்றவில்லை. நான் செய்த மாற்றம் ஒன்றுதான். அதற்கு முன் சர்க்கரை நோய்க்குப் போடும் மாத்திரையைக் கரைத்துக் கொடுத்திருந்தேன்.

"டோஸ்ல எங்கியோ தப்பு பண்ணிகீற. நாளைக்கு திருப்பி பண்ணு," என்றார் மேலாளர்.

இருக்கலாம். ஆனால் ரயில் பொன்னேரி வரும்வரை அதே யோசனை. இதயத்தில் ஒரு மருந்து திறக்கும் கதவை இன்னொன்று மூடிவிடுகிறதா?

வீட்டில் சாப்பிடும் முன் என் அப்பா, நைனா, மாத்திரை டப்பாவைத் திறந்தார். அதே சர்க்கரை மாத்திரை. ஒருமுறை மாரடைப்பு வந்தவர். எங்கள் மருந்து கடைக்கு வந்தால் முதலில் அவருக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.

"இன்னாம்மா, மாத்திரையவே பாத்துக்கினு கீற? நிறுத்திடட்டா?"

"வேணாம் நைனா. சுகருக்கு அது வோணும். போட்டுக்கோ."

போட்டுக்கொண்டார்.

நாளை திரும்பவும் செய்து பார்க்க வேண்டும். தப்பு என் கையில் இருந்தால் நல்லது. ஆனால் அப்படித் தோன்றவில்லை. ஆய்வுக்கு எலி எடுக்கும்போது இளசாக, துறுதுறுப்பாகப் பார்த்துத்தான் பொறுக்குவேன். வயதாகியோ சீக்காகியோ கொஞ்சம் மந்தமாக இருந்தாலும் வேண்டாமென்று ஒதுக்கிவிடுவேன்.

இத்தனை எலிகளில் நைனா மாதிரி ஒன்றுகூட இருந்ததில்லை.